மழை வரும்வரை காத்திருக்கும் வேலை

எங்கள் பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் சமீபத்தில் ஒரு படம் வந்தது. ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய, வீட்டுச் சுவர்களிலிருந்து கழற்றிய வெளிப்புற மோஷன் சென்சார்கள். வெயிலில் மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் மூடிகள். சிலவற்றின் உள்ளே செத்த எறும்புகள் தெரிந்தன. படத்தைப் போட்டவர் பிரகாஷ். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவர். "இனி எல்லா இடத்துக்கும் கேமராதான் சார்" என்று கீழே எழுதியிருந்தார்.

மறுநாள் போன் செய்தார். தொழில்நுட்பப் பணியாளர்கள் சேர்ந்து ஒரு ஆண்டு மலர் போடுகிறார்களாம். "மழை, வெயில், காத்து எல்லாம் சென்சாரை என்ன பண்ணும்னு நீங்க கதை கதையா சொல்வீங்களே சார், அதை ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுங்க" என்றார். ஒரு பக்கம் என்றுதான் ஆரம்பித்தேன். முடிச்சூரில் தனியாக இருக்கிறவனுக்கு நேரத்துக்குக் குறைவில்லை. எழுத எழுத அது சென்சாரைப் பற்றியதாக மட்டும் நிற்கவில்லை.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து மேற்குத் தாம்பரத்தில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் சில வருஷம் இருந்தேன். பிறகு தாம்பரம் சானடோரியம் பக்கம் திருட்டு அலாரம் பொருத்தும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். ஆரம்பத்தில் நகைக்கடை, அடகுக்கடை என்று நான்கு சுவருக்குள் இருக்கும் வேலைதான். சுவருக்குள் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. பிறகு ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் தனி வீடுகள், கிடங்குகள், தொழிற்சாலைகள் என்று பெருகின. திருடன் கதவைத் தொடுவதற்கு முன்பே, காம்பவுண்டுக்குள் கால் வைத்ததுமே தெரிய வேண்டும் என்றார்கள். சென்சார் வெளிச்சுவருக்கு வந்தது. அதன் பின்னாலேயே நானும் வெளியே வந்தேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சென்சாருக்கு மனிதன் என்றால் யார் என்றே தெரியாது. தன் முன்னால் இருக்கும் சூட்டில், திடீரென்று ஒரு துண்டு மட்டும் சூடாகவோ குளிர்ச்சியாகவோ நகர்ந்தால் அதற்குத் தெரியும். அவ்வளவுதான். பின்னாலிருக்கும் சுவர் குளிர்ந்தும் உடம்பு சூடாகவும் இருந்தால் ஆள் தெரிவார். அதனால் அதன் பிழைப்பு முழுக்க வானத்தை நம்பியே இருந்தது.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் செல்வின் சார். மார்த்தாண்டத்துக்காரர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு, கால்சட்டைக்குள் செருகி, எந்த வெயிலிலும் அப்படியே இருப்பார். கடைநிலை ஊழியர் முதல் முதலாளி வரை எல்லோரையும் 'வாங்க, போங்க'தான். கம்ப்ளெய்ன்ட் வந்ததும் மற்ற மேனேஜர்கள் என்ன மாடல், எத்தனை வருஷப் பழசு என்று கேட்பார்கள். இவர் முதலில் கேட்பது, "அப்போ அங்க வெயிலா, மழையா?" என்பதுதான்.

அவரிடம் ஒரே ஒரு விதி இருந்தது. "எந்த வானிலையில கம்ப்ளெய்ன்ட் வந்துதோ, அதே வானிலையில போய் நில்லுங்க. மழையில வந்த கம்ப்ளெய்ன்ட்டை வெயில்ல போய்ப் பார்த்தா, எல்லாம் சரியாத்தான் இருக்கும். நீங்களும் சரின்னு எழுதிட்டு வந்துடுவீங்க."

கேட்க எளிமையாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். மழை வரும்வரை யாரோ ஒருவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆடிக் காற்றுக்காகத் திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் முடிந்து அவிழ்க்காமல் விட்ட வாழைமரங்கள்தான் அங்கே திருடன். வெயிலில் காய்ந்த இலை, காற்றில் ஆடும்போது ஆள் மாதிரியே நடந்தது. கேளம்பாக்கத்தில் கடல்காற்று கொண்டுவந்த உப்பு, சென்சாரின் முகத்தில் மெல்லிய தோலாகப் படிந்து அதைப் பாதிக் குருடாக்கியிருந்தது. காற்று திரும்பும்வரை அங்கேயும் காத்திருந்தேன்.

மற்ற டெக்னீஷியன்கள் இந்தக் காத்திருப்பை வெறுத்தார்கள். எனக்கு அது ஒத்துப்போனது. என் மனைவி சுமதி சிறுநீரகக் கோளாறில் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டுக்கு வேகமாகப் போக எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. குழந்தைகள் இல்லை. சொந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட, அடுத்தவர் வீட்டு வாசலில் ஒரு காரணத்தோடு உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்தது. செல்வின் சாருக்கு அது புரிந்ததோ என்னவோ, காத்திருக்கும் வேலைகள் எல்லாம் என்னிடமே வந்தன.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு மறைமலை நகர் சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அங்கே கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலை. பின்பக்கம் பழைய செம்புக் கம்பிகளைக் குவித்து வைக்கும் முற்றம். கத்திரி வெயில் காலத்தில் ஒரு நாள் மத்தியானம் ஒரு கட்டுக் கம்பி காணாமல் போனது. முற்றத்தைப் பார்த்தபடி எங்கள் சென்சார் இருந்தது. அது ஒன்றுமே பதிவு செய்யவில்லை. அப்படியானால் யாரோ அணைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அந்த நேரத்துக் காவலாளி ஏழுமலையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

செல்வின் சார் என்னை அழைத்துக்கொண்டு அதே மாதிரி வெயில் அடித்த ஒரு நாளில், அதே மத்தியான வேளையில் போனார். ஏழுமலையையும் வரச்சொல்லும்படி தொழிற்சாலை அதிகாரியைக் கேட்டுக்கொண்டார். அதிகாரி மறுக்கவில்லை. ஏழுமலை வந்து கேட்டுக்கு அருகிலேயே நின்றான். நாற்பது வயதிருக்கும். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாக் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. சென்சாரைச் சோதனை நிலையில் வைத்துவிட்டு, ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டும். அதன் சிவப்பு விளக்கு அடங்கியதும் குறுக்கே நடக்க வேண்டும். அதை நோக்கி நேராக நடக்கக் கூடாது. குறுக்கே நடந்தால்தான் அது நன்றாகப் பிடிக்கும். முதலில் மெதுவாக, பிறகு சாதாரணமாக, பிறகு குனிந்து. ஒவ்வொரு முறையும் விளக்கு எங்கே எரிகிறது என்று இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். செல்வின் சார் இதை ஒருபோதும் வேறு ஆளிடம் விடமாட்டார். அவரேதான் நடப்பார்.

அன்று நடப்பதற்கு முன், தொடாமலே சூட்டை அளக்கும் ஒரு வெப்பமானியை முற்றத்துக்குப் பின்னாலிருந்த நிழல் சுவரில் காட்டினார். பிறகு தன் சட்டையின் மார்பில் காட்டினார். இரண்டும் ஒன்றே. பிறகு நடந்தார். விளக்கு எரியவில்லை. வேகமாக நடந்தார். எரியவில்லை. அதிகாரி நடந்து பார்த்தார். அவருக்கும் இல்லை.

"ஏழுமலை, நீங்க வாங்க" என்றார் செல்வின் சார்.

ஏழுமலை தயங்கித் தயங்கி வந்து குறுக்கே நடந்தான். நின்றான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். சுவரிலிருந்த பெட்டி அவனைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இன்னா சார் இது? நான் இங்கதான கீறேன்? என்ன அதுக்குத் தெர்லியா?" என்றான்.

"உங்களை மட்டுமில்ல, எங்க யாரையும் தெரியல. சுவரும் நம்ம உடம்பும் ஒரே சூடு. வித்தியாசம் இல்லன்னா அதுக்கு ஆள் இல்ல."

பிறகு செல்வின் சார் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். துண்டை நனைத்துப் பிழியாமல் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, முழுக்கைச் சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட, குறுக்கே நடந்தார். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. சுவரைவிடக் குளிர்ந்த ஒன்று நகர்கிறது என்று அதற்கு இப்போது தெரிந்துவிட்டது. ஏழுமலை சத்தமாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தவன், முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

அதிகாரி அங்கேயே, எங்கள் முன்னாலேயே, "தப்பு எங்களோடது ஏழுமலை. நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க" என்றார். கம்பியை எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஏழுமலை திரும்ப வேலைக்குப் போனான். ஆனால் நிலைக்கவில்லை. பிறகொரு நாள் மறைமலை நகர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். வேறு இடத்துக்கு மாறிவிட்டதாகச் சொன்னான். "அந்தச் செவுத்தப் பாத்தாலே பேஜாரா கீது சார். எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா அன்னிக்கு ஒருத்தன் கூட எம்பக்கம் நிக்கல, அது போவமாட்டேங்குது மன்சுலேர்ந்து."

சோதனை முடிந்து அன்று திரும்பி வரும்போது வேனில் செல்வின் சார் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ பாராட்டாகச் சொல்லப்போனேன். "ஏ.சி.யைக் கொஞ்சம் குறைங்க தயாளன்" என்று என்னிடம் சொன்னார்.

என் வேலைக்காலத்தில் என்னை அதிகம் அலையவைத்தது சேலையூர் கேஸ்.

கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, மாமரம் நிற்கும் ஒரு பழைய காம்பவுண்ட் வீடு. அதில் ரோஸ்லின் டீச்சர் தனியாக இருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய வயது. கணவர் ரயில்வேயில் இருந்தவர், காலமாகிவிட்டார். ஒரே மகன் எட்வின் ஆஸ்திரேலியாவில். அம்மா தனியாக இருக்கிறாரே என்று அவர்தான் ஒரு வருஷம் ஐப்பசி பிறக்கும் சமயத்தில் வீட்டின் நாலு பக்கமும் சென்சார் போடச் சொல்லியிருந்தார். அலாரம் அடித்தால் எங்கள் கண்ட்ரோல் ரூமுக்கும் தெரியும், அவர் போனுக்கும் செய்தி போகும்.

அடுத்த வருஷம் வெயில் காலம் முடியும் சமயத்திலிருந்து பின்பக்கத்துச் சென்சார் அடிக்க ஆரம்பித்தது. தினமும் இல்லை. சில நாள் சாயங்காலம் மட்டும். ஆள் யாரும் அகப்படவில்லை. அக்கம்பக்கத்தில் சைரன் சத்தத்துக்கு முணுமுணுத்தார்கள். எட்வின் அங்கிருந்து கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். யாரோ நோட்டம் பார்க்கிறார்கள், அம்மாவை இனி அங்கே விடமுடியாது, கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் இடம் பேசிவிட்டேன், வந்து வீட்டை விற்றுவிட்டு அம்மாவைச் சேர்க்கப் போகிறேன் என்றார். டீச்சருக்கு அதில் துளியும் விருப்பமில்லை என்று கண்ட்ரோல் ரூமில் இருந்த கலா சொன்னாள். அலாரம் அடித்தால் வீட்டுக்குப் போன் போட்டு நலம் விசாரிப்பது கலாவின் வேலை.

எனக்கு முன்னால் இரண்டு பேர் போய்ப் பார்த்திருந்தார்கள். ஒருவர் சென்சாரையே மாற்றினார். இன்னொருவர் மாமரத்துக் கிளையை வெட்டச் சொன்னார். அதன் பிறகும் அடித்தது.

செல்வின் சார் அலாரம் அடித்த நாட்களை எல்லாம் கலாவிடம் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "எல்லாம் மழை பெய்ஞ்ச நாள். ஆனா போன வருஷம் ஐப்பசி முழுக்க மழை, அப்போ ஒரு தடவை கூட அடிக்கல. இது ஏதோ ஒரு குறிப்பிட்ட மழை. நல்லா காய்ஞ்ச நாள்ல சாயங்காலம் திடீர்னு வருதே, அந்த மழைக்குப் போய் உட்காருங்க."

சென்னைக்குத் தெற்கே ஆவணி மாத மழையைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்று புரியும். நாலு மணிக்கு மேற்கே மேகம் கறுத்து நிற்கும். சானடோரியத்திலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு சேலையூருக்கு ஓடுவேன். மழை பல்லாவரத்தில் கொட்டும், மேடவாக்கத்தில் கொட்டும். சேலையூரில் காற்று மட்டும் வரும். ஆபீசுக்குத் திரும்பினால் செல்வின் சார், "பெய்யலையா?" என்பார். "பெய்யல சார்." "சரி, நாளைக்கு." அவ்வளவுதான். ஒரு ஆளை இப்படிச் சும்மா உட்காரவைக்கிறீர்களே என்று முதலாளி கேட்டபோது அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சை என்னிடம் வரவிடவில்லை.

முதல் நாள் ரோஸ்லின் டீச்சர் போர்ட்டிகோவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு, உள்ளே போய் கிரில் கதவைப் பூட்டிக்கொண்டார். "மரத்தை வெட்டச் சொன்னது நீங்களா?" என்று மட்டும் உள்ளேயிருந்து கேட்டார்.

"நான் இல்லீங்க டீச்சர்."

"காய் காய்ச்சிருந்த கிளை."

அடுத்த முறை டீ வந்தது, கிரில் கம்பி வழியாக. அதற்கடுத்த முறை கதவைத் திறந்து, வாசற்படியிலேயே தையல் துணியோடு உட்கார்ந்துவிட்டார். சர்ச் விற்பனைக்குக் குழந்தைகள் கவுன் தைத்துக்கொண்டிருந்தார். கை இன்னும் வேகமாக ஓடியது. கண்தான் சரியில்லை. "இந்த ஊசியில நூல் கோத்துக் குடுங்க தம்பி" என்றார். கொடுத்தேன். நூல் தீர்ந்ததும் திரும்பவும் கேட்டார். எனக்கு ஒரு யோசனை வந்தது. டப்பாவிலிருந்த எல்லா ஊசிகளிலும் நூல் கோத்து, ஊசிப் பஞ்சில் வரிசையாகக் குத்தி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, "இது நாளைக்கும் வரும்" என்றார்.

வேறொரு நாள், "உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார்.

"நான் மட்டும்தான் டீச்சர்."

அவர் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

கலாவைப் பற்றி நிறையப் பேசுவார். "அந்தப் பொண்ணு மாசமா இருக்கா, தெரியுமா? காலைல சாப்பிட்டது எதுவும் தங்கல. சீரகத் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்கேன்." நான் கலாவோடு ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறவன். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மழை வருவதற்கு முன்னால் எட்வின் வந்துவிட்டார். லீவு போட்டு, வீட்டை முடித்துவிட்டுப் போகவென்றே வந்திருந்தார். நான் வழக்கம்போலப் போனபோது போர்ட்டிகோவில் நின்றுகொண்டிருந்தார். உயரமானவர், தூக்கமில்லாத கண்கள்.

"தினமும் வர்றீங்கன்னு அம்மா சொன்னாங்க. என்ன சார் பண்றீங்க இங்க?"

"மழைக்காகக் காத்திருக்கேன் சார்."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். முகம் சிவந்தது. "எனக்கு அங்க ராத்திரி பத்து மணிக்குப் போன் அடிக்குது. வீட்டுக்குள்ள ஆள்னு வருது. நான் அங்கேர்ந்து என்ன பண்ண முடியும் சொல்லுங்க? அம்மா போனை எடுக்கற வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க மழைங்கறீங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயந்துபோன மனிதர். பின்பக்கம் போய்ச் சென்சாரைச் சோதனை நிலையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சோதனை நிலையில் வைத்தாலும் சைரனைத் துண்டிக்க வேண்டாம், கண்ட்ரோல் ரூமுக்குப் போகும் லைனையும் எடுக்க வேண்டாம் என்று செல்வின் சார் சொல்லியிருந்தார். வாடிக்கையாளருக்கு என்ன நடக்கிறதோ அது அப்படியே நடக்க வேண்டுமாம்.

அன்று பகல் முழுக்கக் காய்ந்திருந்தது. பின்பக்கச் சிமெண்ட் தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. ஐந்து மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. மாமரம் ஒரு முறை மொத்தமாகக் குலுங்கியது. பிறகு பெரிய பெரிய துளிகள், இடைவெளி விட்டு. நான் எழுந்து, பின்பக்கம் தெரியும் மூலைக்குப் போனேன். எட்வினும் வந்தார். டீச்சர் எங்களுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மழை கொட்ட ஆரம்பித்தது. தரையிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நகர்ந்தது. மொட்டைமாடித் தண்ணீர், சென்சாருக்கு அருகில் சுவரோடு இறங்கிய பி.வி.சி. குழாய்க்குள் சலசலவென்று இறங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த நொடி சைரன் அலறியது. எட்வினின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

அவர் போனைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே மழைக்குள் இறங்கி ஓடினார். பின்பக்கம் முழுக்கச் சுற்றினார். மாமரத்துக்குப் பின்னால், கழிவறைக்குப் பின்னால், மதில் ஓரமெல்லாம் பார்த்துவிட்டு, தொப்பலாக நனைந்து நடு முற்றத்தில் வந்து நின்றார். உள்ளே தொலைபேசி அடித்தது. டீச்சர் போய் எடுத்து, "நல்லா இருக்கேம்மா. மழைதான். நீ சாப்டியா?" என்று கேட்பது எங்களுக்குக் கேட்டது. நான் சைரனை நிறுத்தினேன்.

"யாருமே இல்லையா?" என்றார் எட்வின். என்னிடம் கேட்டாரா, அம்மாவிடம் கேட்டாரா தெரியவில்லை.

டீச்சர் திரும்பி வந்திருந்தார். "இந்த வீட்டுக்கு யாரும் வர்றதில்லடா. போஸ்ட்மேன் கூட வர்றதில்ல. அதைத்தானே உன்கிட்ட இத்தனை நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்."

எட்வின் மழையிலேயே நின்றார். டீச்சர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அவர் வந்து வாங்கிக்கொள்ள வெகு நேரம் ஆனது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சென்சாரின் மூடியைக் கழற்றினேன்.

காரணம் இதுதான். டீச்சர் வீட்டில் இருந்தது கொஞ்சம் புது வகை, அதற்குள் இரண்டு கண். ஒன்று சூட்டைப் பார்ப்பது. மற்றொன்று ரேடியோ அலையை அனுப்பி, எது அசைந்தாலும் பிடிப்பது. இரண்டும் சேர்ந்து சொன்னால்தான் அலாரம். நாளெல்லாம் வெந்த தரையில் முதல் மழை விழும்போது, ஒரு இடம் குளிர்ந்து ஒரு இடம் ஆவி பறக்கும். முதல் கண் ஏமாறும். ரேடியோ அலைக்குப் பிளாஸ்டிக் ஒரு தடையே இல்லை. குழாய்க்குள் ஓடும் தண்ணீரை, நகரும் ஆளாக இரண்டாவது கண் எடுத்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் தரை ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். அப்போது குழாய் மட்டும் கத்தினால் போதாது. அதனால்தான் அது அப்போது அடிக்கவில்லை.

மறுநாள் காய்ந்த தரையில் இன்னொரு சோதனை செய்தோம். எட்வினே மாடிக்குப் போய்க் குழாயில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கீழே இரண்டாவது கண்ணின் விளக்கு மட்டும் எரிந்தது. "எரியுதா?" என்று மேலேயிருந்து கத்துவார். "எரியுது" என்று நான் கீழேயிருந்து கத்துவேன். டீச்சர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சென்சாரைக் குழாயில்லாத மூலைக்கு மாற்றி, வெந்த தரையை நேராகப் பார்க்காதபடி திருப்பி, மேலே ஒரு சின்ன மறைப்பும் வைத்தேன். சில நாள் கழித்து அதே மாதிரி ஒரு மழை பெய்தது. அடிக்கவில்லை. எட்வின் நடந்து பார்த்தார். உடனே அடித்தது.

கோயம்புத்தூர் பேச்சு அத்தோடு நின்றது. எட்வின் ஊருக்குக் கிளம்பும் அன்று ஆபீசுக்கே வந்து செல்வின் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு இருக்கட்டும், அம்மா விருப்பப்படியே இருக்கட்டும் என்றார்.

நல்லபடியாக முடிந்த கேஸ் என்று நினைத்திருந்தேன். ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்த மறுநாள், ரோஸ்லின் டீச்சர் ஆபீசுக்குப் போன் செய்து என்னைக் கேட்டார்.

"தம்பி, பெட்டி வேலை செய்யுதா?"

"செய்யுது டீச்சர். இங்க நல்லாத் தெரியுது."

"நேத்து அவ்வளவு மழை. அந்தப் பொண்ணு கூப்பிடவே இல்லையே."

"அதான் டீச்சர் சரி பண்ணிட்டோம்ல. அலாரம் அடிச்சாத்தான் அவங்க கூப்பிடுவாங்க."

"ஆமாமா. அது சரிதான்" என்றார். போனை வைத்துவிட்டார்.

நான் இதைச் செல்வின் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு எழுந்து கண்ட்ரோல் ரூமுக்குப் போய்க் கலாவிடம் ஏதோ சொன்னார். மழை நாட்களில் கலா ஒரு முறை அந்த வீட்டுக்குப் போன் போட ஆரம்பித்தாள். பிரசவத்துக்குப் போகும்வரை போட்டாள். அவள் திரும்ப வேலைக்கு வரவில்லை. அவளுக்குப் பின் கண்ட்ரோல் ரூம் வேறு ஊருக்கு மாறி, பதிவு செய்த குரல் பேச ஆரம்பித்தது. செல்வின் சார் ஓய்வு பெற்று மார்த்தாண்டம் போனார். இரண்டு முறை போனில் பேசினோம். இரண்டு முறையும் அங்கே மழையா என்று கேட்டேன், இங்கே வெயிலா என்று கேட்டார். மூன்றாவது முறை அவருடைய தம்பிதான் எடுத்தார். அடக்கம் முடிந்துவிட்டது என்றார்.

சேலையூர் வழியாக நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். மாமரம் சாலையிலிருந்தே தெரியும். ஒரு முறை கூட நின்றதில்லை. கம்ப்ளெய்ன்ட் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை? என் வேலைக்காலம் முழுக்க ஏதாவது ஒன்று கெட்டுப்போன பிறகே மனிதர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். சரியானதும் நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அதில் யார் தவறும் இல்லை. அப்படியே பழகிவிட்டேன். பிறகு நானும் ஓய்வு பெற்றேன்.

போன ஆவணியில் ஒரு நாள், ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மிக்ஸியை வாங்கிக்கொண்டு கேம்ப் ரோட்டிலிருந்து கிளம்பினேன். மழை பிடித்துக்கொண்டது. கடை வாசலில் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். நானும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வண்டியை எடுத்து, உள்ளே திரும்பி, அந்த கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். டீச்சர் இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. மணியை அழுத்திவிட்டு, என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

போர்ட்டிகோ விளக்கு எரிந்தது. கம்பைப் பிடித்தபடி மெதுவாக வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். கிரில் கம்பிக்கு அப்பால் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"சென்சார் தம்பியா? நான் கம்ப்ளெய்ன்ட் எதுவும் குடுக்கலையே?"

"இல்ல டீச்சர். சும்மாதான் வந்தேன்."

அந்த வார்த்தையை ஒரு வீட்டு வாசலில் நின்று நான் சொன்னது அதுதான் முதல் முறை. சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. டீச்சர் தாழ்ப்பாளில் கை வைத்தபடி, கேட்டது சரிதானா என்பதுபோல என்னையே பார்த்தார். பிறகு கதவை முழுசாகத் திறந்தார்.

"சும்மா வந்தவங்க ஏன் வெளியில நிக்கறீங்க? உள்ள வாங்க."